நூலைக் கரைத்துக் குடித்த அழுங்கு

ஒரு காட்டில், புலிக்கும் அஞ்சாத விலங்குகள் வாய்மொழித் தேர்வுக்கு அஞ்சி வாழ்ந்தன. ஏனெனில் அங்கே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. காட்டில் பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்பவர்கள், நாட்டில் எதற்கு என்பதற்கு முதலில் விடை சொல்லட்டும்.

சிங்கம் பிறப்பிலேயே வேந்தர் ஆதலால் அந்தப் பதவிக்குத் தனியே ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. துணைவேந்தராக நரியார் இருந்தார். எப்படி என்று கேட்பது நாகரிகம் அன்று.

முன்னர் அந்தப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு ஒரு குரங்கு பொறுப்பாக இருந்தது. அது கேட்டவர்க்கெல்லாம் நூலைக் கொடுத்தது. கேளாதவர் தலையிலும் எறிந்தது. சில நூல்கள் திரும்பின. பல நூல்கள் மரத்திலேயே தங்கின. ஓர் அகராதி ஆற்றோடு போய் அடுத்த காட்டில் கரையேறி, அங்குள்ளவர்களின் ழகரத்தைத் திருத்தியதாகவும் செய்தி வந்தது. வெகுண்டது ஆட்சிக்குழு. "பிடித்ததை விடாத ஒருவர் நமக்கு வேண்டும்" என்று தீர்மானம் போட்டது. பிடித்ததை விடாமைக்குத் தமிழில் ஒரே ஒரு விலங்கைத்தான் சான்று காட்டுவார்கள். ஆகவே உடும்பை நியமித்தார்கள்.

வன்பிடியார் என்னும் அந்த உடும்பு பொறுப்பேற்ற நாள் தொட்டு நூலகத்தில் ஒரு நூலும் தொலையவில்லை. ஒரு நூலும் வெளியே போகாததே அதற்குக் காரணம் என்பதை எவரும் ஆராயவில்லை. ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

மழைக்காலம் முடிந்ததும் நூலகத்துக்குப் புதிய நூல்களும் பிற பொருள்களும் யானை முதுகில் வந்து இறங்கின. நிலப்படங்கள் வந்தன. குறுந்தகடுகள் வந்தன, அவற்றில் மயில்கள் நாள் முழுதும் முகம் பார்த்தன. ஒலிநூல் என்ற பெயரில் ஒரு கிளியும் வந்தது. வந்தவுடன் வன்பிடியார் அதன் அலகின்மேல் நூலக முத்திரைத் தாளை ஒட்டிவிட்டபடியால், அது எந்த நூலைச் சொல்லும் என்பது இன்றளவும் தெரியவில்லை. எல்லாவற்றையும் நுழைவாயிலுக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பேழையில் அடுக்கி, மேலே 'புதுவரவு' என்று பலகை மாட்டி, பேழையைப் பூட்டி, சாவியை வாயில் கவ்விக்கொண்டு வன்பிடியார் அமர்ந்தார். பேச வேண்டியபோது மட்டும் சாவியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்.

அந்தப் பேழையின் நடுவே 'புற்றும் சுற்றமும்' என்னும் தடித்த நூல் ஒன்று இருந்தது. இயற்றியவர் அடுத்த காட்டுப் பேராசிரியர் கரடியார். கரையான் புற்றுகளைப் பற்றி அவரைவிட அறிந்தவர் எவரும் இல்லை என்பது அவருடைய முடிவு.

இனி நம் கதைக்கு உரியவளிடம் வருவோம். செதிலரசி ஓர் அழுங்கு. உடல் முழுதும் செதில் போர்த்து, நீண்ட நாக்கால் எறும்பையும் கரையானையும் துழாவி உண்ணும் இனத்தவள். அவள் புற்றியல் துறையின் முனைவர் பட்ட மாணவி. கரையானைப் பற்றி ஆராய்ந்தாள். அத்துறையில் ஒரு கடுமையான விதி உண்டு: 'ஆய்வாளர், ஆய்வேட்டை ஒப்படைக்கும்வரை, ஆய்வுப்பொருளை உண்ணலாகாது.' இந்த விதியால் பல ஆண்டுகளாக அவள் ஒரு கரையானையும் தின்றதில்லை. கண்ணெதிரே புற்று, கையில் அளவுகோல், வயிற்றில் பசி. விடுதியில் போட்ட செவ்வெறும்புக் குழம்பை உண்டு உயிர் தரித்தாள். அந்தக் குழம்பில் செவ்வெறும்பைக் காண்பதற்கே தனி ஆராய்ச்சி தேவைப்பட்டது.

ஒருவழியாக ஆய்வேட்டை ஒப்படைத்தாள். அன்று மாலையே அவளுடைய நெறியாளராகிய கொக்கு, ஒற்றைக்காலில் நின்றபடி ஒரு செய்தி சொன்னார்.

"உன் வாய்மொழித் தேர்வுக்குக் கரடியார் வருகிறார், அம்மா."

"வரட்டுமே, ஐயா."

"வருவார். அவர் கேட்பது ஒரே கேள்விதான். அவருடைய நூலைக் கரைத்துக் குடித்திருக்கிறாயா என்று பார்ப்பார். குடித்தவர்களுக்குப் பட்டம். குடிக்காதவர்கள் பழையபடி முதலாண்டில் சேர வேண்டும்."

"முதலாண்டிலா? அப்படியானால் அந்த விதி?"

"அதுவும் முதலிலிருந்து."

செதிலரசியின் செதில்கள் ஒருமுறை சிலிர்த்து அடங்கின. பட்டம் போனால் போகட்டும் என்று சொல்லலாம். இன்னொரு முறை அந்தக் குழம்பா? நூலகத்துக்கு ஓடினாள்.

"ஐயா, 'புற்றும் சுற்றமும்' இரவல் வேண்டும்."

வன்பிடியார் சாவியைக் கன்னத்தில் ஒதுக்கினார். "அது புதுவரவு, அம்மா."

"தெரியும். வந்திருப்பதால்தானே கேட்கிறேன்?"

"புதுவரவைத் தொடக்கூடாது. புதுமை கெட்டுவிடும்."

"எப்போது பழையதாகும்?"

"நாலு பேர் படித்தால் தானே பழையதாகிவிடும்."

"அந்த நாலு பேரில் நான் முதல் ஆளாக இருக்கிறேனே!"

"புதுவரவையா? தொடக்கூடாது என்று இப்போதுதானே சொன்னேன்? காதிலும் செதிலா?"

"தொட மாட்டேன், ஐயா. கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிற்கிறேன். பக்கத்தை நீங்கள் புரட்டுங்கள்."

வன்பிடியார் எழுந்து நின்றார். "என்ன சொன்னீர்கள்? நான் புரட்டுபவனா? இருபுறமும் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடப் புரட்டுக்காரர் இல்லை. போங்கள், அம்மா, போங்கள்!"

அடுத்ததாக அவள் குறுஞ்செவியன் என்னும் முயலிடம் போனாள். அவனும் அதே துறை. அவனுக்கும் அதே நாளில் வாய்மொழித் தேர்வு. ஆனால் அவன் கரடியாரின் நூலை அறிந்தவன். அச்சுக்குப் போகுமுன் அதன் எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவனே அவன்தான். ஆகையால் அந்தக் காட்டில் 'புற்றும் சுற்றமும்' நூலை முழுதும் படித்தவன் என்று அவன் ஒருவனைத்தான் சொல்ல முடியும். இதைச் சொல்லும் வேலையையும் அவனே செய்துவந்தான்.

"அண்ணா, மூன்றாம் இயலில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

"மூன்றாம் இயலா? அதெல்லாம் சொன்னால் விளங்காது, செதிலரசி. படிக்க வேண்டும்."

"படிக்கத்தான் வழியில்லையே."

"அதற்கு நான் என்ன செய்வேன்? நீ நாக்கை வளர்த்த நேரத்தில் காதை வளர்த்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு முயல் தன் வளைக்குள் போய்விட்டான். படித்தவர்களுக்கு இயல்பான பணிவு அது.

கடைசியில் அவள் துணைவேந்தர் நரியாரிடம் முறையிட்டாள். நரியார் பொறுமையாகக் கேட்டார். முறையீடுகளைக் கேட்பதில் அவருக்கு நிகர் இல்லை.

"நான் நூலகரிடம் சொன்னால் அது தலையீடு. சொல்லாமல் இருந்தால் அது நிர்வாகம். எது வேண்டும் என்று நீயே சொல்."

"நூல் வேண்டும், ஐயா."

"நல்ல பிள்ளை. ஒன்று செய்கிறேன். கரடியாரை அவர் நூலைத் தட்டில் வைத்து வரவேற்க வேண்டும். நாளை பகலில் அதை வெளியே எடுத்துத் தூசி தட்டச் சொல்லி வன்பிடியாருக்கு ஆணையிடுகிறேன். அவர் தட்டும்போது நீ பக்கத்தில் நில். காற்றில் பறந்து வரும் கருத்து எதுவோ அதைப் பிடித்துக்கொள்."

மறுநாள் பகலில் வன்பிடியார் பேழையைத் திறந்தார். செதிலரசி ஓரமாக நின்றாள். கரடியாரின் நூலைத் தூக்குவதற்கு இரு கால்களையும் ஊன்றி, மூச்சை அடக்கி, தொடையில் வலுவேற்றி இழுத்தார் வன்பிடியார். நூல் சருகுபோல் மேலே வந்தது. இழுத்த வேகத்தில் அவர் பின்னால் உருண்டு, முன்பே வெளியே எடுத்து வைத்திருந்த கிளியின்மேல் விழுந்தார். அட்டை திறந்தது. உள்ளே ஒரு தாளும் இல்லை. மண் பூசிய அழகான மண்டபங்களும் அவற்றின் நடுவே கொழுத்த கரையான் கூட்டமும் இருந்தன.

அவர் அடுத்த நூலைத் திறந்தார், மண்டபம். அதற்கடுத்தது, மாடத்தோடு கூடிய மண்டபம். உள்ளே ஓடிப் பழைய அலமாரிகளையும் பார்த்தார். நூலகம் முழுவதும் அட்டைதான் இருந்தது. நூல் இல்லை.

"ஒன்றும் தொலையவில்லையே! நான் ஒன்றையும் வெளியே விடவில்லையே!" என்று அரற்றினார் வன்பிடியார். அரற்றும்போதும் வெற்று அட்டையை அவர் விடவில்லை.

அப்போது நூலின் முதுகுப் பகுதியிலிருந்து ஒரு முதிய கரையான் வெளியே வந்து செருமியது.

"யார் அங்கே கூச்சல் போடுவது? இது படிக்கும் இடம்."

"அடப்பாவி! அத்தனையையும் தின்றுவிட்டு, பேச்சு வேறா?" என்றார் வன்பிடியார்.

"வார்த்தையை அளந்து பேசும், ஐயா. தின்றோம் என்பது பாமரர் சொல். நாங்கள் படித்தோம். இந்த நூலகம் தோன்றிய நாளிலிருந்து இங்கே நூலுக்குள் நுழைந்தவர்கள் எங்களைத் தவிர யார்? முன்னுரை முதல் பின்னட்டை வரை ஓரெழுத்தை விட்டிருப்போமா? நீர் வாசலில் சாவியைச் சப்பிக்கொண்டிருந்தீர். நாங்கள் உள்ளே கற்றோம்."

செதிலரசி முன்னே வந்தாள்.

"பெரியவரே, நீங்கள் கற்றவர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாளை எனக்குத் தேர்வு. மூன்றாம் இயலில் என்ன சொல்லியிருக்கிறது?"

முதுகரையான் தயங்கியது. "மூன்றாம் இயல் என் துறை அன்று. நான் படித்தது 'எனினும்' என்ற சொல்லை. வாழ்நாள் முழுதும் அதில்தான் உழைத்தேன். அதைப் பற்றிக் கேள், பேசுகிறேன்."

"மற்றவர்கள்?"

உள்ளிருந்து குரல்கள் எழுந்தன.

"நான் அடிக்குறிப்பு. மேலே நடப்பது எனக்குத் தெரியாது."

"நாற்பதாம் பக்கத்துக் காற்புள்ளி என்னுடையது!"

"பொய்! அது அரைப்புள்ளி. பாதியை நான்தான் படித்தேன்."

"நன்றியுரை. ஒரே இனிப்பு. பல் போய்விட்டது."

சிறிது நேரத்தில் அடிக்குறிப்புக் கரையான்களும் காற்புள்ளிக் கரையான்களும் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கின. நூல் முழுவதும் அங்கேதான் இருந்தது. ஆனால் ஒருவரிடமும் இல்லை. உயர்கல்வியில் இதற்குச் சிறப்புத் தேர்ச்சி என்று பெயர்.

செதிலரசி யோசித்தாள். வாய் ஊறியது. யோசனைக்கும் ஊறலுக்கும் அவளால் அந்த நேரத்தில் வேறுபாடு காண முடியவில்லை.

"இவற்றையெல்லாம் யாராவது ஓரிடத்தில் தொகுக்க வேண்டும்" என்றாள்.

வன்பிடியார் நிமிர்ந்து பார்த்தார். அவள் நாக்கைப் பார்த்தார். "அம்மா, நீங்கள் அழுங்கு இனம் அல்லவா?"

"ஆம். ஆனால் ஆய்வுப்பொருளை..."

"ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டீர்களா இல்லையா?"

"ஒப்படைத்துவிட்டேன்."

"அப்புறம் என்ன விதி? உங்களுக்குத் தேர்வு, எனக்கு வேலை. தொகுங்கள், அம்மா, தாராளமாகத் தொகுங்கள்!"

"புதுவரவைத் தொடக்கூடாதே, ஐயா."

"கைதான் படக்கூடாது. நாக்கைப் பற்றி எந்தப் பலகையிலும் எழுதவில்லை."

நிலைமை தன் பக்கம் திரும்புவதை முதுகரையான் உணர்ந்தது. "பெண்ணே, பொறு! உன் ஆய்வில் எங்களை மேற்கோளாவது காட்டுவாயா?"

"மேற்கோள் காட்டுவது மேலோட்டமானவர்கள் வழக்கம், பெரியவரே. நான் உள்வாங்கிக்கொள்வேன்."

"நாங்கள் படித்தவர்கள், அம்மா!"

"அதனால்தான்" என்றாள் செதிலரசி.

முன்னுரையிலிருந்து தொடங்கி வரிசை பிறழாமல் உண்டாள். ஒழுங்கு தெரிந்த பெண்.

தேர்வு நாள் வந்தது. அரங்கம் நிறைந்தது, வடை உண்டு என்று அறிவித்திருந்தார்கள். கரடியார் மேடையில் அமர்ந்தார். பக்கத்தில் நரியார். ஓர் ஓரத்தில், பட்டுத்துணி போர்த்திய தட்டை ஏந்தி வன்பிடியார் நின்றார்.

முதலில் முயலை அழைத்தார்கள்.

"என் நூலைப் படித்தீரா?" என்றார் கரடியார்.

"முழுதும் படித்தேன், ஐயா. மூன்றாம் இயலில் கரையானுக்கு எட்டுக் கால் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறுதான். அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்தினேன். நீங்கள் திரும்பவும் எட்டாக்கிவிட்டீர்கள்."

அரங்கில் வடை மெல்லும் ஓசை நின்றது.

"தம்பி, என் நூலில் நானே காணாத பிழையை நீர் கண்டிருக்கிறீர். அப்படியானால் நீர் படித்தது என் நூலே அன்று. முதலாண்டில் சேர்ந்து பணிவாகப் படித்துவிட்டு வாரும்."

காது தொங்க முயல் இறங்கினான். செதிலரசி மேடையேறினாள். அவள் வயிறு சற்றே முன்னால் ஏறியது.

"நீர் என் நூலைக் கரைத்துக் குடித்தவரா?"

"ஆம், ஐயா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நூலைக் கொண்டு வாரும், வன்பிடியாரே. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து கேட்போம்."

வன்பிடியார் அசையவில்லை. நரியார் இடித்தபின் இரண்டு அடி வைத்தார். கரடியார் பட்டுத்துணியை விலக்கி அட்டையைத் திறந்தார். உள்ளே வெறுமை. தலைகீழாகக் கவிழ்த்தார், கொஞ்சம் மண் விழுந்தது. கரடியாரின் மயிர் சிலிர்த்தது. வன்பிடியார் கண்களை மூடிக்கொண்டார்.

"என் நூல் எங்கே?"

செதிலரசி வயிற்றின்மேல் இரு கைகளையும் கூப்பினாள். "அதில் இருந்தது அனைத்தும் இப்போது என்னிடம் இருக்கிறது, ஐயா. எங்கும் ஓரெழுத்து மிச்சம் வைக்கவில்லை."

கரடியார் வெற்று அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின.

"கரைத்துக் குடித்தேன் என்று வாயால் சொன்னவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன், அம்மா. சான்றோடு வந்தவர் நீர் ஒருவரே. சொல்லும், முன்னுரை எப்படி?"

"மென்மையாக இருந்தது, ஐயா. தொண்டையில் எங்கும் தடையில்லை."

"இரண்டாம் இயல்?"

"கொஞ்சம் மண் வாசனை."

"களப்பணி! களப்பணியைக் கண்டுபிடித்துவிட்டீர்! மூன்றாம் இயல்?"

செதிலரசி சற்றுத் தயங்கினாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று துணிந்தாள். "மூன்றாம் இயல் கசந்தது, ஐயா. இரவெல்லாம் வயிற்றைப் பிசைந்தது."

கரடியார் மேசையை ஓங்கி அறைந்தார். "கசக்கத்தான் வேண்டும்! என் எதிர்ப்பாளர்களுக்கு அதில்தான் விடை சொல்லியிருக்கிறேன். கசப்பு வேண்டுமென்றே வைத்தது. அதை உணர்ந்த முதல் ஆள் நீர்!"

அவள் மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், ஏப்பம் வந்தது. "முடிவுரையும் சுருக்கம், செறிவு" என்று பாராட்டிவிட்டு, கரடியார் அங்கேயே பட்டத்தை அறிவித்தார். செதிலரசி முனைவர் ஆனாள். துறை அவளை அன்றே உதவிப் பேராசிரியராக்கியது. மூன்று அலமாரி வரலாறும் இரண்டு அலமாரி தத்துவமும் நூலகத்தில் இன்னும் கரையான் வடிவில் எஞ்சியிருப்பதாக வன்பிடியார் காதோடு சொன்னபோது, அவள் இரு துறைகளிலும் மேலும் பட்டங்களுக்குப் பதிவு செய்துகொண்டாள்.

வன்பிடியாருக்கும் குறைவில்லை. நூல்களை இத்தனை முழுமையாகப் பயன்படுத்திய நூலகம் வேறெங்கும் இல்லை என்று கரடியார் புகழ்ந்தார். நல்ல நூலகர் என்ற கேடயத்தையும் கொடுத்தார். அதை அவர் கையிலிருந்து படம் எடுப்பதற்குக்கூட இரவல் வாங்க முடியவில்லை.

எல்லாவற்றையும் நரியார் பார்த்துக்கொண்டிருந்தார். கரடியார் வடைக்குப் போனதும் வன்பிடியாரைத் தனியே அழைத்து, நடந்தது என்ன என்று கேட்டறிந்தார். பிறகு மேடைக்குத் திரும்பி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மிக இனிமையாகக் கேட்டார்:

"எனக்கும் ஒரு முனைவர் பட்டம் வாங்க ஆசை. கரடியாரின் நூலை முழுதும் படித்தவர் இந்த அரங்கில் வேறு யாரேனும் உண்டோ? கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தால் நலம்."

எல்லாத் தலைகளும் முயலின் பக்கம் திரும்பின.

"நான் படிக்கவில்லை!" என்று அலறினான் முயல். "சத்தியமாகப் படிக்கவில்லை! அட்டையைத்தான் பார்த்தேன்! அதுவும் தூரத்திலிருந்து!"

"கரையானுக்கு ஆறு கால் என்றாயே?"

"குத்துமதிப்பாகச் சொன்னேன், ஐயா! எனக்கு எண்ணவே தெரியாது! வேறு நூலும் படித்ததில்லை! இனியும் படிப்பதாக இல்லை!"

நரியார் ஏமாற்றத்தோடு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆயினும் அவர் திறமையை மதிக்கத் தெரிந்தவர். ஒரு நூலையும் படிக்காத, படிக்கும் எண்ணமும் இல்லாத ஒருவரை அவர் நெடுங்காலமாகத் தேடிக்கொண்டிருந்தார். புதிய நூல்களைத் தெரிவுசெய்யும் குழுவுக்கு அன்றைக்கே முயலைத் தலைவராக்கினார். காருக்குப் பதில் ஓர் ஆமையும் கொடுத்தார்.

அன்று முதல் அந்தக் காட்டில் எவரும் எந்த நூலையும் படித்ததாக ஒப்புக்கொள்வதில்லை.

நீதி: நூலைப் படித்தவன் இரையாவான், படித்தவனைத் தின்றவன் முனைவன் ஆவான், படிக்கவே இல்லை என்று சத்தியம் செய்பவன் அடுத்த ஆண்டுக்கு எந்த நூல் வாங்கலாம் என்று முடிவு செய்வான்.